நொடிக்கு 35 டிக்
சோமனூர்ல தறிச் சத்தத்துக்கு நடுவுல உக்காந்து டூம்ங்கற துப்பாக்கி கேம் முதல் மேப்புக்கு டூல் வெச்சு ஸ்பீட்ரன், அதாவது முடிஞ்ச அளவு சீக்கிரமா முடிக்கற ஆட்டம், கட்டிட்டு இருக்கறனுங்க. 1993ல வந்த கேம், ஒரு நொடிய 35 துண்டா வெட்டி ஓட்டுது, ஒரு துண்டுதான் ஒரு டிக், டிக்குக்கு 4 பைட்டு, முன்ன பின்ன, பக்கவாட்டு, திரும்பறது, பட்டன், ஆட்டத்தப் பதிவு பண்ணி வெக்கற டெமோ ஃபைல்ல முக்காவாசி அதேதான். சில பேரு ஸ்லோமோஷன்ல வெளையாடியே ரெக்கார்ட் பண்றாங்க, நமக்கு அது ஒத்து வரல, டிக் டிக்கா கையில கட்டறதுதான் புடிக்குது. இந்த கேம்ல ரேண்டம்ங்கறதே 256 நம்பர் இருக்கற ஒரு டேபிள்தானுங்க, அதனால ஷாட்கன் அடி சரியா உழுகலைன்னா ரெண்டு டிக் பின்னால போயி சித்த முன்னாடியே சுட்டுப் பாத்தா வேற நம்பர் வந்து ஒரே வெடியில இம்ப்ங்கற பேய் சாஞ்சுரும். நேத்து ஒரு கதவுகிட்ட மட்டும் ரெண்டு மணி நேரம். அம்மா எட்டிப் பாத்துட்டு "ஏஞ்சாமி, இந்தப் பொம்ம நகரவே மாட்டீங்குதே, கெட்டுப் போச்சா?"ங்கறாங்க