கான்டன் சந்தையில் கௌபாய்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டல்லாஸுக்குக் கிழக்கே சுமார் 60 மைல் தொலைவில் கான்டன் என்றொரு சிற்றூர். 1850-களில் மாதத்தின் முதல் திங்களன்று வழக்கு விசாரிக்க நீதிபதி அங்கே வருவாராம். அதற்காகக் கூடிய குடியானவர்கள் குதிரை, நாய், விளைபொருள் என்று கைமாற்றிக்கொண்டார்கள். அந்தக் கூட்டம்தான் இப்போது மாதத்தின் முதல் திங்களுக்கு முந்தைய வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நடக்கும் பெரும் பழம்பொருள் சந்தை. வாடகை வீட்டுக்கு ஒரு சாப்பாட்டு மேசை தேடித்தான் முதலில் போனோம். மேசை கிடைத்தது. ஆனால், என்னைத் திரும்பத் திரும்ப அங்கே இழுப்பது ஒரு பெரியவர் மரத்தடியில் பரப்பி வைத்திருக்கும் கௌபாய் விளையாட்டுச் சாமான்கள்.

அவர் முதலில் காட்டியது பள்ளிப் பிள்ளைகள் சாப்பாடு கொண்டுபோன சிவப்புத் தகரப் பெட்டி. முகப்பில் ஒட்டுப்படமாகக் கருப்பு உடையில் கௌபாய் நாயகன் ஹோப்பலாங் காசிடி. நாஷ்வில் நகரத்து அலாடின் நிறுவனம் 1950-இல் வெளியிட்டது. தகரப் பெட்டி லேசில் கெடாது. ஒன்று வாங்கினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அதனால் விற்பனை படுத்துக்கிடந்தபோதுதான் தொலைக்காட்சி நாயகனின் படத்தை ஒட்டிப் பார்த்தார்கள். முதல் ஆண்டிலேயே சுமார் 6 லட்சம் பெட்டிகள் போயின. ஃபிளாஸ்க்கும் சேர்ந்திருந்தால் இன்று விலை எகிறும். உள்ளே கண்ணாடிக் குடுவை என்பதால் பிள்ளைகள் கையில் முதலில் உடைந்தது அதுதான்.

அடுத்து ஒரு பொம்மைத் துப்பாக்கியை என் கையில் வைத்தார். ஹப்ளி நிறுவனத்தின் 'டெக்சன்'. நினைத்ததைவிடக் கனம். வெள்ளைப் பிடியில் நீண்ட கொம்புள்ள மாட்டுத் தலை. பக்கவாட்டு மூடியைத் திறந்தால், சுருளைச் செருகும் சின்னஞ்சிறு முளை. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது: ரோல் கேப்! சிவப்புக் காகிதச் சுருளில் வரிசையாக வெடிமருந்துப் பொட்டுகள். விசையை அழுத்த அழுத்தச் சுருள் மேலேறி, வெடித்த காகிதம் நாக்கு நீட்டும். விருதுநகரில் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே எங்கள் தெருவில் இந்தச் சத்தம் தொடங்கிவிடும். துப்பாக்கி உடைந்துபோனால் கல்லால் குத்தியாவது வெடிப்போம்.

கேப் வந்த சிவகாசியிலிருந்துதான் எங்களுக்குக் கௌபாயும் வந்தார். லயன், முத்து காமிக்ஸ் இரண்டும் அந்த ஊர் வெளியீடுகள். அவற்றில் வந்த கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் 1948-இல் இத்தாலியில் பிறந்தவர். இத்தாலியர்கள் வரைந்த டெக்சஸ்காரரைத் தமிழ் பேசவைத்து, இரவல் வாங்கிப் படித்து வளர்ந்தோம். இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. தனக்கும் கௌபாய் வெளியூரிலிருந்து வந்தவர்தான் என்றார். உண்மைதான். ஹோப்பலாங்காக நடித்த வில்லியம் பாய்டும் இன்னொரு கௌபாய் நடிகரான ராய் ரோஜர்ஸும் ஒஹையோவில் பிறந்தவர்கள். லோன் ரேஞ்சர் என்ற கௌபாய் கதைத் தொடர் 1933-இல் டெட்ராய்ட் வானொலியில் தொடங்கியது. அந்த 'டெக்சன்' துப்பாக்கிகூடப் பென்சில்வேனியாவில் செய்தது. மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்ற காலமோ, அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் இருபது ஆண்டுகளுக்குச் சற்றே அதிகம். முள்கம்பி வேலியும் ரயிலும் வந்ததும் முடிந்துபோனது. அந்த மந்தைகளை ஓட்டியவர்களில் கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும் கணிசமாக இருந்தார்கள். பெட்டிகளில் அவர்கள் முகம் இல்லை. எனக்கு இது பெரிய குறை, பெரியவரும் ஒப்புக்கொண்டார்.

இந்த நாட்டில் வரி, காப்பீடு, கால்பந்து என எதைப் பேசினாலும் மற்றவர் சொல்ல, நான் கேட்டுக்கொள்ள வேண்டும். கௌபாய் விஷயத்தில் மட்டும் இங்கேயே பிறந்தவரும் நானும் சரிசமம். இருவருக்கும் கௌபாய் அச்சிலும் தகரத்திலும் வந்தவர். அந்த மரத்தடியில் மட்டும் நான் புதிதாக வந்தவன் என்ற நினைப்பே எழுவதில்லை.

துப்பாக்கியை என் மகன் ஆசையாகக் கேட்டான். வாங்கித் தரவில்லை. இப்போது விற்கும் பொம்மைத் துப்பாக்கிகளின் முனையில் ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். பழைய சாமான்களில் அது கிடையாது. 2014-இல் கிளீவ்லாந்தில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் போலீஸ் சுட்டு இறந்தான். மாநிறப் பிள்ளையை வளர்க்கும் எனக்கு அதை மறக்க முடியாது. காரணத்தை மகனுக்குப் புரியும்படி சொன்னேன். பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, துப்பாக்கியை எடுத்துக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தார்.

பெட்டியை வாங்கினோம். பூட்டு துருப்பிடித்திருந்ததால் கொஞ்சம் விலை குறைத்தார். அடுத்த சந்தைக்கு அவருக்காக ஒரு டெக்ஸ் வில்லர் புத்தகம் எடுத்துப்போகிறேன். எழுத்து தெரியாவிட்டால் என்ன, படங்களைப் பார்த்தே கதையைப் பிடித்துவிடுவார். சந்தேகம் வந்தால் சொல்லித்தர நான் பக்கத்தில்தானே இருப்பேன்.