1707ஐ வீட்டுச் சுவரில் ஒட்டிய கதை

பள்ளிக்கூடத்தில் 1707 என்றால் ஒரே வரிதான்: ஔரங்கசீப் மறைந்த ஆண்டு. அந்த ஒரு வரியைத் தாண்டி அந்த வருடம் உலகத்தில் வேறு என்னென்ன நடந்தது, யார் பிறந்தார்கள், யார் போனார்கள் என்று மொத்தமாகக் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. பொங்கல் விடுமுறையில் ஆரம்பித்தேன். மாதத்துக்கு ஒன்றாக 12 சார்ட் பேப்பர், அதில் நாளுக்கு ஒரு கட்டம், மொத்தம் 365 கட்டம். ஹாலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் முழுக்க இதுதான். இப்போது மூன்று மாதம் ஆகிறது, 60 கட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நிரம்பியிருக்கிறது.

முதல் இரண்டு வாரம் வேகமாகப் போனது. தேதி கிடைத்தால் ஒரு சின்ன அட்டையில் எழுதி அந்தக் கட்டத்தில் ஒட்டவேண்டியது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஔரங்கசீப்புக்கு ஒரு புத்தகத்தில் பிப்ரவரி 20 என்று இருந்தது, ஒட்டிவிட்டேன். நான்கு நாள் கழித்து இன்னொரு புத்தகத்தில் மார்ச் 3. முதலில் யாரோ தப்பாக அச்சிட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. அப்புறம் தாளை எடுத்துக் கணக்குப் போட்டால் சரியாக 11 நாள் இடைவெளி.

அங்கேதான் வேலையே தொடங்கியது. அன்றைக்கு இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, பிரான்சும் ஸ்பெயினும் இன்று நாம் எல்லாரும் பயன்படுத்தும் கிரிகோரியனில். இரண்டுக்கும் நடுவே 11 நாள். இங்கிலாந்து மாறியது 1752இல்தான். நான் அதுவரை ஒட்டிய அட்டைகளில் பாதி ஒரு கணக்கு, பாதி இன்னொரு கணக்கு. எல்லாவற்றையும் பிய்த்தெடுத்தேன். டபுள் சைடு டேப் போட்டிருந்ததால் மார்ச் மாதத் தாள் கிழிந்தே போனது, அதை மட்டும் புதிதாகக் கோடு போட்டு ஒட்டினேன். இப்போது ஒரே விதி: கட்டம் எப்போதும் கிரிகோரியன் தேதி. அட்டையின் மூலையில் அந்த ஊர்க்காரர்கள் அன்று எழுதிய தேதியை நீலத்தில் எழுதுகிறேன். டேப்புக்குப் பதில் குண்டூசி.

பிரிட்டனை வைத்துத்தான் இதில் நிறையக் கற்றுக்கொண்டேன். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே நாடாக இணைந்தது 1707 மே 1. என் சுவரில் அது மே 12ஆம் கட்டத்தில் இருக்கிறது. அதற்கு இரண்டு சட்டம் போட்டார்கள், ஆளுக்கொரு நாடாளுமன்றம். ஸ்காட்லாந்துச் சட்டத்துக்கு 1707 என்று பெயர், இங்கிலாந்துச் சட்டத்துக்கு 1706 என்று பெயர். அப்படியானால் இங்கிலாந்தில் ஒரு வருடம் முன்னாலேயே நிறைவேற்றிவிட்டார்களா? இல்லை, ஸ்காட்லாந்துதான் முதலில், ஜனவரி 16, ஆதரவாக 110, எதிர்த்து 69. இங்கிலாந்துச் சட்டத்துக்கு அரசியின் ஒப்புதல் கிடைத்தது மார்ச் 6. ஆனால் இங்கிலாந்தில் அப்போது புது வருடம் மார்ச் 25இல்தான் பிறக்கும், அதனால் மார்ச் 6 அவர்களுக்கு இன்னும் 1706. ஸ்காட்லாந்து 1600லேயே ஜனவரி 1க்கு மாறிவிட்டது. ஒரே தீவு, ஒரே அரசி ஆன், இரண்டு வருடக் கணக்கு. இதைப் புரிந்துகொண்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சுவீடன் இதையெல்லாம் மிஞ்சியது. தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் பிறந்தது இந்த வருடம், ரோஷுல்ட் என்ற ஊரில், மே 23. ஜூலியன் கணக்கில் மே 12. சுவீடனில் அன்று எழுதிய தேதியோ மே 13! கொஞ்சம் கொஞ்சமாகக் கிரிகோரியனுக்குப் போகலாம் என்று 1700இல் பிப்ரவரி 29 என்ற மிகைநாளை விட்டுவிட்டு, அதற்குமேல் தொடராமல் நின்றுவிட்டதால், உலகத்தில் யாருடனும் ஒட்டாத ஒரு நாட்காட்டி அவர்களுடையது. பிறகு 1712இல் பிப்ரவரி 30 என்று ஒரு நாளைச் சேர்த்துப் பழையபடி ஜூலியனுக்கே திரும்பினார்கள். அந்த அட்டையில் மட்டும் மூன்று நிறம். கணித மேதை ஆய்லர் சுலபம், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்தது ஏப்ரல் 15, அந்த ஊர் 1701லேயே மாறிவிட்டது. லின்னேயஸின் வகைப்பாட்டைக் கடுமையாக விமர்சித்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பஃபோனும் இதே வருடம்தான், செப்டம்பர் 7. இந்த மூன்று பேரையும் ஒரே சுவரில் கைக்கெட்டும் தூரத்தில் பார்ப்பது பெரிய சந்தோஷம்.

ஒரு தேதி எந்தக் கணக்கு என்று புத்தகம் சொல்லாதபோது கிழமையைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது நானாகக் கண்டுகொண்ட வழி. நாட்காட்டி மாறினாலும் கிழமை மாறாது. இது கைகொடுத்தது தரங்கம்பாடியில். டேனிஷ்காரர்களின் ஊரான அங்கே 1706 ஜூலையில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார்கள் சீகன்பால்குவும் புளூட்சாவும், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்தைப் படித்தவர்கள். அவர்கள் கட்டிய முதல் தேவாலயம் 1707 ஆகஸ்ட் 14 அன்று திறக்கப்பட்டது. எந்தக் கணக்கு? கிரிகோரியனில் பார்த்தால் ஞாயிறு, ஜூலியனில் வியாழன். கோயிலைத் திறக்க ஞாயிறுதானே பொருத்தம்! டென்மார்க் 1700லேயே மாறிவிட்டது என்பதும் சேர்ந்தவுடன் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் அதே கடற்கரையில் வடக்கே சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர்களுக்கு அன்று ஆகஸ்ட் 3. நடுவில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு 14. தஞ்சாவூரில் சாகஜி ஆண்ட அந்த நாளில் சுற்றியிருந்த ஊர்களுக்கெல்லாம் அது சர்வசித்து வருடம், 2007இல் வந்ததே, அதே சர்வசித்து, ஐந்து சுற்று முந்தியது. அட்டை எழுதிய வாரமே தரங்கம்பாடி போய்வந்தேன். இப்போது நிற்பது 1718இல் திறந்த கோயில், முகப்பில் டேனிஷ் அரசன் நான்காம் ஃபிரெடரிக்கின் முத்திரை கிரீடத்தோடு இருக்கிறது, உள்ளே சீகன்பால்குவின் கல்லறை. வெயிலில் அந்த முத்திரையை அப்படியே நோட்டில் வரைந்துகொண்டேன், அதுதான் சுவரில் ஆகஸ்டுக்கான படம்.

ஔரங்கசீப் அட்டையும் இப்போது பெரிதாகிவிட்டது. 88 வயது, தலைநகரை விட்டுத் தக்காணத்துக்கு வந்து கால் நூற்றாண்டு, அகமதுநகரில் முடிவு, குல்தாபாதில் மேற்கூரை இல்லாத எளிய கல்லறை. நம் செஞ்சிக் கோட்டையை எட்டு வருடம் முற்றுகையிட்டு 1698இல் பிடித்தது இவருடைய படைதான். அவர் கண்மூடி நான்கு மாதம்கூட ஆகவில்லை, ஆக்ரா பக்கத்தில் ஜாஜவ் போரில் மகன்களில் ஒருவரான ஆசம் ஷா விழுந்தார், ஜெயித்த அண்ணன் பகதூர் ஷா ஆனார்.

நவம்பர் 2ஆம் கட்டம் கறுப்பு அட்டை. ஜிப்ரால்டரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கடற்படை, பிரான்சின் மேற்கு முனைப் பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டு சில்லி தீவுகளின் பாறைகளில் மோதியது. நான்கு கப்பல் போனது, இறந்தவர்கள் 1,400 முதல் 2,000 வரை இருக்கும், தளபதி கிளவுட்ஸ்லி ஷவலும் அதில் ஒருவர். தீர்க்கரேகை, அதாவது கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்பது, தெரியாததால்தான் இந்த விபத்து என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை, அவர்களிடமிருந்த வரைபடமும் திசைகாட்டியும் சேர்ந்தே சறுக்கியிருக்கின்றன. ஆனால் 1714இல் கடலில் தீர்க்கரேகையைக் கணிக்க வழி கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுண்டு வரை பரிசு என்று சட்டம் போட்டபோது இந்தச் சாவுகள் யாருக்கும் மறந்திருக்காது.

ஒரு கட்டத்துக்குள் அடங்காத சங்கதிகளுக்கு நூல். சாந்தோரினியில் மே மாதம் கடலுக்குள்ளிருந்து ஒரு புதுத் தீவு எழும்ப ஆரம்பித்து 1711 வரை நீண்டது, அதற்குச் சிவப்பு நூல். ஐஸ்லாந்தில் இந்த வருடம் நுழைந்த பெரியம்மை 1709க்குள் ஜனத்தொகையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கொண்டுபோனது, அதற்கு வெள்ளை நூல். இரண்டும் டிசம்பர் தாளைத் தாண்டிச் சுவரில் சும்மா தொங்குகின்றன, வெட்ட மனசு வரவில்லை.

இந்த வாரம் முடித்தது ஜப்பான். அக்டோபர் 28 பெரிய நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும். 49ஆவது நாள், டிசம்பர் 16, ஃபுஜி மலை வெடித்தது. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்த எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், சாம்பல் விழுந்து தரையும் செடியும் வெள்ளையாகிப் போனதையும், பகலிலேயே விளக்கேற்றிப் பாடம் சொன்னதையும் அராய் ஹகுசெகி என்ற அறிஞர் எழுதிவைத்திருக்கிறார். அதற்குப் பின் இன்றுவரை ஃபுஜி வெடிக்கவில்லை. அடுப்புச் சாம்பலைச் சலித்து, பசையில் குழைத்து, அந்த 16ஆம் கட்டத்திலிருந்து மெல்லியதாகப் பூசிக்கொண்டே போனேன். மலை அடங்கியது 1708 ஜனவரி 1 அன்றுதான். அதனால் டிசம்பர் 31க்குப் பக்கத்தில் 366ஆவதாக ஒரு கட்டம் வெட்டி ஒட்டியிருக்கிறேன், பசை இன்னும் காயவில்லை.