ரிஷபவாகனரின் முதுகு

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு நான் போகும்போதெல்லாம் முதலில் தேடிச் செல்வது திருவெண்காட்டு ரிஷபவாகனரைத்தான். முதலாம் இராசராசன் காலத்தில், 1011ஆம் ஆண்டளவில் கோயிலில் எழுந்தருளுவிக்கப்பட்ட, காளையை வாகனமாகக் கொண்ட சிவனின் செப்புத் திருமேனி அது. தேவியின் திருமேனி அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. சடையையே தலைப்பாகைபோலச் சுற்றி முடித்து, ஒரு காலை மற்றதன் குறுக்கே மாற்றி வைத்து, மடங்கிய ஒரு கையை எதன்மீதோ சாய்த்தபடி அவர் நிற்கிறார். சாய்ந்திருப்பது காளையின்மீது. அந்தக் காளை நமக்குக் கிடைக்கவில்லை.

பக்கத்தில் நின்று பார்ப்பவர்களை நான் பல முறை கவனித்திருக்கிறேன். காளை எங்கே என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. தனிப் பீடத்தில் தனித்து நிறுத்தப்பட்ட உருவத்தைக் கண் முழுமையானதாகவே எடுத்துக்கொள்கிறது. அந்தரத்தில் நிற்கும் கை, ஒரு துணையை இழந்த கையாகத் தெரியாமல், நடனக் கலைஞரின் அபிநயம்போலத் தெரிகிறது. காளையோடு அவர் கோயிலிலேயே இருந்திருந்தால் நாம் பார்த்திருக்கக்கூடியது வேறு. பட்டும் மாலையும் சாத்திய பிறகு உற்சவரின் உடல் கண்ணுக்குக் கிடைப்பதில்லை. முகமும் கைகளும், அர்ச்சகர் மனம் வைத்தால் பாதமும் தெரியும். வீதியுலாவில் அவர் நம் தலைக்கு மேலே, தூக்குபவர்களின் தோளசைவுக்கு ஏற்ப ஆடியபடி கடந்துபோவார். பீடங்களில் காணப்படும் துளைகளும் வளையங்களும் இதற்காகவே அமைந்தவை. பார்ப்பவர் நிற்க, சிற்பம் நகரும். காட்சிக்கூடம் இதை அப்படியே தலைகீழாக்கிவிட்டது.

கோயில் எல்லாவற்றையும் காட்டியது, அருங்காட்சியகம் அதைப் பறித்துக்கொண்டது என்று புலம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. மறைப்பதில் கோயிலுக்கு ஈடான காட்சியமைப்பாளர் கிடையாது. திருவாரூர் தியாகராசரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் முகத்தை மட்டுமே காணலாம்; பாத தரிசனம் மார்கழித் திருவாதிரைக்கும் பங்குனி உத்திரத்துக்கும்தான், அதுவும் நாளுக்கு ஒரு பாதம். ஒரு பாதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, விடிவதற்கு முன்பே வரிசையில் நின்று, நெரிசலில் எட்டிப் பார்த்துவிட்டு நகர்கிறவர் உண்மையில் பார்த்தது சில நொடிகள்தான் என்றாலும், அந்தச் சில நொடிகளை அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பார். காட்சிக்கூடத்திலோ உச்சி முதல் பாதம் வரை, காலை முதல் மாலை வரை, நுழைவுச்சீட்டு வாங்கிய எவருக்கும் எல்லாமே திறந்திருக்கிறது. ஆனாலும் பெரும்பாலோர் குறிப்புப் பலகையில் ஊரையும் நூற்றாண்டையும் படித்து, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு அடுத்த பேழைக்குப் போய்விடுகிறார்கள். (என்னையும் சேர்த்தே சொல்கிறேன், பலகையைப் படித்த நேரம் சிற்பத்தைப் பார்த்த நேரத்தைவிடக் கூடுதலாக இருந்த நாள்கள் எனக்கும் உண்டு.)

அதே சமயம், கோயில் ஒருபோதும் தராத ஒன்றைக் காட்சிக்கூடம் தரமுடியும். அது முதுகு. ரிஷபவாகனரின் பின்புறத்தை நான் முதன்முதலில் கண்டது ஒரு நிழற்படத்தில். சடைக்கற்றைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு ஏறி முடிச்சாகும் விதமும், தோளிலிருந்து இடைக்கு இறங்கும் முதுகின் மெல்லிய வளைவும், முன்புறத்துக்குச் சற்றும் குறையாத அக்கறையோடு வடிக்கப்பட்டிருந்தன. அலங்காரத்துக்குள் மறையப்போகிற இடம் என்று தெரிந்தும் சிற்பி அங்கே கையைக் குறுக்கவில்லை. அபிஷேகம் செய்கிறவரைத் தவிர வேறு யார் அதைப் பார்த்திருக்கக்கூடும்?

நிழற்படம் என்றதும் பிரெஞ்சுச் சிற்பி ரோடின் நினைவுக்கு வருகிறார். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்து நடராசர் திருமேனிகளைப் பற்றி 1913இல் அவர் எழுதிய குறிப்புகள், அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் 1921இல் அச்சாயின. உதடு, கண், கால் என்று ஒவ்வோர் உறுப்பிலும் தங்கித் தங்கிச் செல்லும் அந்த எழுத்தைப் படிக்கும் எவரும் அவர் சென்னைக்கு வந்து நாள்கணக்கில் நின்று பார்த்ததாகவே நினைப்பார்கள். அவர் மூலத்தைப் பார்த்ததே இல்லை. படங்களை மட்டுமே பார்த்தார். பல கோணங்களில் எடுக்கப்பட்ட படங்கள் அவருக்கு ஒரு காட்சிக்கூடமாகிவிட்டன.

காட்சிக்கூடங்களில் உள்ள செப்புத் திருமேனிகளில் பல கருவறையிலிருந்து நேராக அங்கே வந்தவையல்ல என்பதையும் மறக்கக்கூடாது. எப்போதோ, ஏதோ அச்சத்தில் புதைக்கப்பட்டு, ஏர் உழும்போதோ அடித்தளம் தோண்டும்போதோ வெளிப்பட்டு, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் வழியாக அரசிடம் வந்து சேர்ந்தவை. மண்ணுக்குள் இருந்தவரை அவற்றைக் கும்பிட்டவரும் இல்லை, ரசித்தவரும் இல்லை. இன்றும் திருட்டுக்கு அஞ்சி, திருவாரூரில் உள்ளதுபோன்ற பாதுகாப்பு மையங்களில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் உற்சவர்கள் திருவிழாவுக்கு மட்டும் ஊருக்குப் போய்த் திரும்புகிறார்கள். பூட்டிய அறையோடு ஒப்பிட்டால் கண்ணாடிப் பேழையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குறை சொல்ல வேண்டியது பேழையை வைக்கும் இடத்தைத்தான். சில மாதங்களுக்கு முன் வேறொரு காட்சிக்கூடத்தில் ஓர் அம்மன் திருமேனியைப் பார்த்தேன். பேழை சுவரோடு ஒட்டியிருந்தது. அலங்காரமும் இல்லை, பின்புறமும் இல்லை என்றால், கோயில் தருவதையும் இழந்து காட்சிக்கூடம் தருவதையும் இழந்து நிற்கிறோம் என்று பொருள். பின்னல் எங்கே முடிகிறது என்று பார்த்துவிடலாம் என்று பக்கவாட்டுக் கண்ணாடியில் கன்னத்தை அழுத்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது காவலர் வந்தார். அதட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "முன்னாடி வந்து நின்னு பாருங்க சார், அம்மன் முகம் இந்தப் பக்கம்தான் இருக்கு" என்றார் அவர்.