இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பெயர்

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்குப் புதிதாக ஒரு வேலை வாய்த்திருக்கிறது. பள்ளி ஆண்டு விழாவில் குத்துவிளக்கு ஏற்றுகிறேன். நூலக விழாவில் பரிசு வழங்குகிறேன். பொங்கல் விளையாட்டுப் போட்டியைத் தொடங்கி வைக்கிறேன். அழைப்பிதழில் ‘தலைமை’ என்பதற்கு எதிரே என் பெயர் இருக்கும். அதன் கீழே சிறிய எழுத்தில் ‘அறிவிப்பாளர் (ஓய்வு), திருச்சி வானொலி நிலையம்’ என்று இருக்கும். அந்தச் சிறிய எழுத்துக்குத்தான் அழைப்பு என்பதை நான் அறிவேன்.

1939 மே 16 அன்று தொடங்கிய நிலையம் அது. மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸ். நான் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். அதற்கு முன்பே, அறுபதுகளில், ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைப் பற்றி நிலையம் விடாமல் எடுத்துச் சொல்லியிருந்தது. தஞ்சை விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். போன தை மாதம் ஒரு விழாவில் பெரியவர் ஒருவர் மேடையேறி வந்து, “நீங்கள் சொல்லித்தானே அம்மா நட்டோம்” என்று கைகூப்பினார். அப்போது நான் பள்ளிக்கூடத்துச் சிறுமி. ஆனாலும் நான் மறுக்கவில்லை. அந்த நன்றி நிலையத்துக்கு உரியது. அதை வாங்கிக்கொள்ள அன்று அங்கே நான்தான் இருந்தேன்.

ஏன் என்னை அழைக்கிறார்கள் என்பது ஓர் ஊரில் நன்றாக விளங்கியது. அங்கே யார் தலைமை என்பதில் இரண்டு தெருக்களுக்கும் ஒத்துப்போகவில்லை. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் வரமாட்டார்கள். கடைசியில் பள்ளித் தலைமை ஆசிரியை, “ரேடியோ அம்மாவைக் கூப்பிடலாமா?” என்று கேட்டாராம். யாரும் எதிர்க்கவில்லை. இரண்டு தெருவிலும் காலையில் ஒரே குரல்தான் கேட்டிருக்கிறது. அந்தக் குரல் எந்தத் தெருவைச் சேர்ந்தது என்று எவருக்கும் தெரியாது.

அது தானாக அமைந்ததல்ல, பயிற்சியில் வந்தது. தேர்தல் நாட்களில் யார் முன்னிலை என்று சொல்லும்போது, எங்கள் மகிழ்ச்சியோ வருத்தமோ குரலில் தெரியக் கூடாது. 1984 அக்டோபர் 31 அன்று எனக்கு மாலைப் பணி. பிரதமர் இந்திரா காந்தி மறைந்த செய்தி டெல்லியிலிருந்து வந்த பிறகு, வழக்கமான நிகழ்ச்சிகள் எல்லாம் நின்றுபோயின. வாத்திய இசைக்கு நடுவே நிலையத்தின் பெயரை மட்டும் சொல்ல வேண்டும். எனக்குத் தொண்டை அடைத்தது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை உயர்த்தும் முன் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, எல்லா நாளும் சொல்வதுபோலவே சொன்னேன். கேட்பவரின் துக்கம் கேட்பவருடையது. அதன்மேல் என்னுடையதை ஏற்றுவதற்கு எனக்கு உரிமையில்லை என்றுதான் மூத்தவர்கள் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதை இன்றும் நம்புகிறேன்.

ஆகவே, கட்சி விழாக்களுக்குப் போவதில்லை. கடை திறப்பு விழாக்களுக்கும் அப்படியே. மேடையில் அருகில் அமரும் அதிகாரியிடம் யாருக்காகவும் சிபாரிசு பேசுவதில்லை. இதில் சிலருக்கு வருத்தம் உண்டு, எங்கள் உறவினர்களுக்கும்கூட. ஒருமுறை சாய்ந்துவிட்டால் அடுத்த ஊர் என்னை நம்பி அழைக்க முடியாது.

விழாவில் நான் மெனக்கெடுவது பெயர்களுக்காக. பரிசு பெறும் பிள்ளைகளின் பட்டியலை முதல் நாளே கேட்டு வாங்குவேன். குறிலா நெடிலா, தலைப்பெழுத்து தாயுடையதா தந்தையுடையதா, எல்லாவற்றையும் ஆசிரியர்களிடம் தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொள்வேன். முன்பு நிகழ்ச்சி வரிசையைக் காட்டும் கியூ ஷீட்டில் பாடகர் பெயருக்கு மேல் பென்சிலால் குறித்ததைப் போலத்தான். நூறு மீட்டர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்த பெண்ணின் பெயரை ஒலிபெருக்கி தவறாகச் சொன்னால், அந்த மேடைக்கு எத்தனை பொன்னாடை வந்தென்ன? என் உரை நான்கு நிமிடம்தான். பெயர்களுக்கு மட்டும் அவசரப்படுவதில்லை. ஒரு குழந்தை மேடைக்கு வந்து, பரிசை வாங்கி, படியிறங்கும்வரை அடுத்த பெயரைச் சொல்லமாட்டேன்.

லால்குடிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி விழா வருகிறது. அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது, பரிசுப் பட்டியல்தான் இன்னும் வரவில்லை. இன்று மாலை தலைமை ஆசிரியரிடம் மறுபடியும் கேட்க வேண்டும்.