இன்னைக்கா, நாளைக்கா? ஒரு சின்ன சீஸ் கடை புராணம்

பாரிஸ்ல எங்க ஏரியாவுல ஒரு குட்டி சீஸ் கடை இருக்கு. ரெண்டு பேர் உள்ள நின்னா மூணாவது ஆள் வாசல்லதான் நிக்கணும், ஒரு பக்கம் கண்ணாடிக்குள்ள சீஸ், எதிர்ப்பக்கம் தரையிலேர்ந்து கூரை வரைக்கும் ஆர்கானிக் ஒயின், மூலையில மத்தி மீன் டின், உப்பு, ஜாம், மசாலான்னு அடைச்சு வெச்சிருப்பாங்க. பாண்டியிலேர்ந்து வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், அதே பேர் போட்ட சீஸ் சூப்பர் மார்க்கெட்ல கிட்டத்தட்ட பாதி விலைக்குக் கிடைக்குதே, எதுக்குடா இங்க வந்து காசைக் கொட்டுறன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி அலுத்துப்போச்சு, எழுதி வெச்சுட்டா லிங்க் அனுப்பிட்டு என் வேலையைப் பாக்கலாம்.

நீங்க போய் ஒரு கமம்பேர் சீஸ் குடுங்கன்னு கேட்டா கடைக்காரம்மா உடனே எடுத்துக் குடுக்க மாட்டாங்க. எப்ப சாப்பிடப்போறீங்க, இன்னைக்கு ராத்திரியா, நாளைக்கா, ஞாயித்துக்கெழமையான்னு கேப்பாங்க. ஊர்ல மாம்பழக்காரர் இதே கேள்விய கேப்பாரு இல்ல, கேட்டுட்டு கூடைக்குள்ள கைய விட்டுப் பழத்த அமுக்கிப் பாத்து எடுப்பாரே, அதேதான். நாளைக்குன்னு சொன்னா மரப்பெட்டிய ஒண்ணொண்ணா தொறந்து, பேப்பர விலக்கி, நடுவுல கட்டைவிரலால லேசா அமுக்கிப் பாப்பாங்க. ஓரத்துல மெத்துன்னும் நடுவுல கொஞ்சம் கெட்டியாவும் இருந்தா அது நாளைக்கு ரெடி. ஏன்னா இந்த வகை சீஸ் வெளியிலேர்ந்து உள்பக்கமா பழுக்கும், மேல படர்ந்திருக்கிற வெள்ளைப் பூசணம்தான் உள்ள இருக்கிறத மெதுவா இளக்கிக்கிட்டே போகும், பாதியில வெட்டுனா நடுவுல சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அந்தக் கோடு எனக்குப் பிடிக்கும், என் வைஃபுக்குப் பிடிக்காது, அது வேற சண்டை. சூப்பர் மார்க்கெட்ல இப்படி கேக்க ஆள் கெடையாது, அங்க கெடைக்கிறதுல நெறைய பாஸ்ச்சரைஸ் பண்ண பால்ல செஞ்சது, எப்ப வாங்குனாலும் ஒரே பதத்துல இருக்கிற மாதிரி பாத்து செஞ்சிருப்பாங்க. நார்மண்டிங்கிற பகுதியோட பேர்ல முத்திரை வாங்குற கமம்பேருக்குப் பச்சைப் பால்தான் போடணும், திரிஞ்ச பாலக் கரண்டியால அஞ்சு தடவையாவது இடைவெளி விட்டு விட்டு அச்சுல ஊத்தணும்னு சட்டமே இருக்கு.

சரி, விலைக்கு வருவோம். நான் அதிகமா வாங்குறது கொம்தேங்கிற சீஸ். சுவிஸ் எல்லைய ஒட்டின ஜூரா மலைப்பக்கம் செய்யிறது, ஒரு சக்கரம் நாப்பது கிலோ வரும், அதுக்கு நானூறு லிட்டர் பால் வேணும். ஒரு விவசாயிகிட்ட அவ்ளோ பால் எங்க இருக்கும், அதனால பல நூறு வருஷமா ஊர்க்காரங்க எல்லாரும் பாலைக் கொண்டாந்து ஒரே எடத்துல ஊத்தி சேந்து செய்யிறாங்க, இன்னைக்கும் அந்த மாதிரி கூட்டுறவுப் பால் கொட்டகை அங்க நூறுக்கு மேல இருக்கு. மோன்பெலியார்த், சிமெந்தால்னு ரெண்டு ஜாதி மாட்டுப் பால் மட்டும்தான் எடுக்கலாம், மாட்டுக்கு சைலேஜ், அதாவது குழியில போட்டு ஊறவெச்ச தீவனம் குடுக்கக் கூடாது. இது சும்மா பெருமைக்கு வெச்ச ரூல் இல்லைங்க, ஊறல் தீவனத்துல வர்ற ஒருவகை பாக்டீரியாவோட வித்து பால்ல கலந்துட்டா மாசக்கணக்கா பழுக்குற சீஸ் உள்ளுக்குள்ள கேஸ் கட்டி உப்பி வெடிச்சுப்போகும். அதனால வெயில் காலத்துல பச்சைப் புல், பனிக்காலத்துல காஞ்ச புல். வெயில்காலப் பால்ல செஞ்ச கொம்தே நல்ல மஞ்சளா இருக்கும், புல்லுல இருக்கிற கரோட்டின் பண்ற வேலை, பனிக்காலத்துது வெளுத்துப்போயிருக்கும். கடையில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டச் சொல்லுங்க, கலர் பொடியெல்லாம் ஒண்ணும் போடலேன்னு சத்தியம் பண்ணுவாங்க, உண்மைதான்.

செஞ்ச கையோட விக்க முடியாது, குறைஞ்சது நாலு மாசம் ஸ்ப்ரூஸ் மரப்பலகை மேல நிலவறையில கெடக்கணும். ஆனா நல்ல கடையில வெக்கிறது பதினஞ்சு மாசம், ரெண்டு வருஷம், சிலது அதுக்கும் மேல. அத்தன நாளும் திருப்பிப் போட்டு, உப்புத் தண்ணி தடவி, அப்பப்ப ஒரு சின்ன சுத்தியலால தட்டி சத்தத்த கேட்டு, ஊசிக்குழாய குத்தி ஒரு துளி எடுத்து மோந்து பாத்துன்னு ஒரு ஆள் கூடவே இருக்கணும். செந்த் அந்த்வான்ங்கிற எடத்துல பிரஷ்யாவோட நடந்த 1870 போருக்கப்புறம் கட்டுன ராணுவக் கோட்டை ஒண்ணு இருக்கு, மலைமேல 1100 மீட்டர் ஒசரத்துல, மண்ணுக்குள்ள புதைச்சு கட்டுனது. அத 1966ல மார்செல் பெத்தித்ங்கிறவர் சீஸ் பழுக்க வெக்கிற எடமா மாத்துனாரு, இப்ப சுமார் ஒரு லட்சம் சக்கரம் அங்க அடுக்கியிருக்கு. பீரங்கிக்கு கட்டுன சுவரு சீஸுக்கு ஏசி வேலை பாக்குது.

கடைசியில ஒவ்வொண்ணுக்கும் இருபதுக்கு மார்க் போடுவாங்க. பதினாலுக்கு மேல வாங்குனா பச்சைப் பட்டி, பன்னெண்டுலேர்ந்து பதினாலு வரைக்கும் பழுப்புப் பட்டி, அதுக்குக் கீழ போனா கொம்தேங்கிற பேரே கெடையாது. ஆனா மார்க்கெல்லாம் பாஸான சக்கரத்துக்குள்ளயும் ஒண்ணு பழ வாசனை அடிக்கும், ஒண்ணு வறுத்த வேர்க்கடலை வாசனை, ஒண்ணு வெங்காயம் வதக்குன வாசனை. எது நல்லாருக்குன்னு போய் தின்னு பாத்து எடுத்துட்டு வர்றதுதான் சின்ன கடைக்காரங்க வேலையே. கிலோ முப்பது யூரோக்கு மேல போறதுல நீங்க வாங்குறது அந்த ஆளோட நாக்கையும் அந்த ரெண்டு வருஷத்தையும் சேத்துத்தான். நூத்தம்பது கிராம் வாங்குனா போதும், அஞ்சு யூரோதான் ஆகும், அதுக்குள்ள கடிக்கும்போது நறுக்நறுக்னு உப்புக்கல் மாதிரி மாட்டும் பாருங்க, அது உப்பு இல்ல, புரதம் ஒடைஞ்சு சேர்ற அமினோ அமிலம், பழசுங்கிறதுக்கு அடையாளம்.

சீஸுக்கு சீசன் இருக்குன்னு இங்க வந்தப்புறம்தான் தெரியும். அந்தக் காலத்துல பனி வந்துட்டா மாடு பால் கம்மியாக் குடுக்கும், நானூறு லிட்டர் தேறாது, அதனால அதே ஜூராக்காரங்க அப்ப செய்ய ஆரம்பிச்சது மோன் தோர்னு ஒரு சின்ன சீஸ், சுத்தி ஸ்ப்ரூஸ் மரப்பட்டைய கட்டி வட்டப்பெட்டியில போட்டு வரும். செப்டம்பர் 10லேர்ந்து மே 10 வரைக்கும் மட்டும்தான் விக்கலாம். நடுவுல ஒரு குழி பண்ணி பூண்டும் வெள்ளை ஒயினும் ஊத்தி பெட்டியோட ஓவன்ல வெச்சு, வேக வெச்ச உருளைக்கெழங்கு மேல ஊத்தி சாப்பிடணும், அதுக்கு மேல விளக்கம் வேண்டாம், பண்ணிப் பாருங்க. ஆட்டுப்பால் சீஸ்னா அப்படியே நேர் எதிர், குட்டி போட்டு வெளிய மேய ஆரம்பிச்சப்புறம், ஏப்ரல் மே வாக்குல வர்றதுதான் பிரமாதம். துரேன் பக்கத்துல செய்யிற சென்த் மோர்ங்கிற ஆட்டுப்பால் சீஸ் நீளமா உருளையா, மேல சாம்பல் பூசி, நடுவுல ஒரு வைக்கோல் குச்சி சொருகியிருக்கும், குச்சிய உருவி உத்துப் பாத்தா அதுல செஞ்சவங்களோட அடையாளத்த பொடி எழுத்துல பொறிச்சிருப்பாங்க. எங்க பொண்ணு அத படிக்கிறதுக்காகவே வாங்கச் சொல்றா.

எங்க அம்மா சுத்த சைவம். போன தடவ வந்தப்ப கடையில நின்னுக்கிட்டு இதெல்லாம் நான் சாப்பிடலாமாடா, வெறும் பாலுதானேன்னாங்க. சொல்லாம விட மனசு வரல. பாலைத் திரிக்கிறதுக்கு கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கிற ரென்னெட் போடுறாங்க, கொம்தே, கமம்பேர் ரெண்டுலயும் இதுதான், இத்தாலி பார்மிஜியானோவும் அப்படியே. ஊர்ல சீஸ் பாக்கெட்ல இருக்கிற பச்சைப் புள்ளிய தேடிப் பழகினவங்களுக்கு இங்க அட்டையில ஒண்ணும் புரியாது, கேட்டாத்தான் உண்டு. கடைக்காரம்மாகிட்ட கேட்டேன், ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு பின்னாடி போய் போர்ச்சுக்கல்லேர்ந்து வந்த செர்ரா த எஷ்ட்ரெலா எடுத்துட்டு வந்தாங்க. செம்மறியாட்டுப் பால், உறைய வெக்கிறதுக்கு கார்தூன்னு ஒரு முள்செடியோட பூவ ஊறவெச்ச தண்ணி. மேல மூடியாட்டம் வெட்டிட்டு ஸ்பூனால வழிச்சு சாப்பிடணும். அம்மா ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டுட்டு லேசாக் கசக்குதேன்னாங்க, கசக்கத்தான் செய்யும், அந்தப் பூவோட குணம் அது. ஆனா பாதி தீந்துபோச்சு, யாரு தீத்தாங்கன்னு நான் கேக்கல.

அம்மா அப்புறம் எதிர்ப்பக்க அலமாரியில ஒரு சின்ன பாட்டில கைல எடுத்து மோந்து பாத்துட்டு, டேய் இது நம்ம வடகம்டான்னு கத்துனாங்க. ஆமா, வாதுவான்னு பேர் போட்டு சமையல்காரங்க எல்லாரும் வாங்குற மசாலா அது, பாண்டியிலேர்ந்து பிரெஞ்சுக்காரங்க கூடவே வந்தது. நம்ம வீட்ல சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், உளுந்து, கறிவேப்பிலை போட்டு விளக்கெண்ணெய் விட்டு உருட்டி மொட்டைமாடியில காய வெப்போம், இங்க அத உதிர்த்து, விளக்கெண்ணெய கழட்டி விட்டுட்டு, மஞ்சள் சீரகமெல்லாம் சேத்து, மீனு மேல தூவுறாங்க. விலைய யூரோவுலேர்ந்து ரூபாய்க்கு மாத்தி சொன்னதும் அடுத்த கோடையில அரை மூட்டை உருட்டி அனுப்புறேன்னுட்டாங்க.

ஒயின் பத்தி கொஞ்சம். ஆர்கானிக்னு போட்டா மருந்தே அடிக்கலேன்னு நெறைய பேர் நினைக்கிறாங்க. ஊர்ல திராட்சைத் தோட்டம் வெச்சிருக்கிறவங்களுக்கு போர்டோக் கலவை தெரிஞ்சிருக்கும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறது, அது 1885 வாக்குல போர்தோ ஊர்ல அடிச்சாம்பல் நோய்க்காகக் கண்டுபிடிச்சதுதான், ஆர்கானிக் தோட்டத்துலயும் இன்னைக்கு வரைக்கும் அதத்தான் அடிக்கிறாங்க. என்ன, மயில்துத்தத்துல இருக்கிற செம்பு ஏழு வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல போகக் கூடாது. செயற்கை பூச்சிமருந்து, களைக்கொல்லி கெடையாது, அது பெரிய விஷயம்தான், மறுக்கல. இன்னொண்ணு, 2012 வரைக்கும் ஐரோப்பாவுல ஆர்கானிக் ஒயின்னு சட்டப்படி ஒண்ணு கெடையாது, ஆர்கானிக் திராட்சையில செஞ்ச ஒயின்னுதான் போட முடியும், உள்ள என்ன சேக்கலாம்னு அந்த வருஷம்தான் ரூல் வந்துச்சு. ஒயின் கெடாம இருக்கப் போடுற சல்ஃபைட்ட சிவப்பு ஒயினுக்கு சாதாரணமா லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரைக்கும் விடுவாங்க, ஆர்கானிக்ல 100. அதுக்கும் மேல ஸ்ட்ரிக்ட்டா இருக்கிறவங்க 2020லேர்ந்து நேச்சர் முத்திரை வாங்குறாங்க, அதுல 30தான். இந்த நேச்சர் ஒயின்ல சிலது அபாரமா இருக்கும், சிலது மாட்டுக் கொட்டகை வாசனை அடிக்கும், அதையும் ஆஹா ஓஹோன்னு குடிக்கிற கூட்டம் பாரிஸ்ல நெறையவே இருக்கு, எனக்கு செட் ஆகல. ஆர்கானிக்குக்குப் போடுற பச்சை இலை லோகோ தோட்டத்தப் பத்தியும் உள்ள என்ன சேக்கலாங்கிறதப் பத்தியும்தான் சொல்லும், ருசி எப்படின்னு அதுக்குத் தெரியாது, அதையும் கடைக்காரம்மாகிட்டதான் கேக்கணும்.

சீஸுக்கு சிவப்பு ஒயின்னு யாரு கெளப்பி விட்டாங்களோ தெரியல. மெத்துன்னு இருக்கிற சீஸோட துவர்ப்பான சிவப்பு ஒயின் சேந்தா வாயில தகரம் நக்குன ருசிதான் வரும். வெள்ளைதான் பெரும்பாலும் ஒத்துப்போகும், அதுலயும் கொம்தேக்கு அதே ஜூரா ஊரு வான் ஜோன்ங்கிற ஒயின். பேரல்ல ஆவியாப் போற அளவ திரும்ப நிரப்பாம விட்டுருவாங்க, மேல ஈஸ்ட் ஏடு கட்டும், ஆறு வருஷத்துக்கு மேல அப்படியே கெடக்கும். லிட்டருக்கு 62 சென்டிலிட்டர்தான் மிஞ்சும்னு கணக்கு, பாட்டிலே அந்த அளவுதான், குட்டையா தோள் அகலமா இருக்கும். முதல் வாய் குடிச்சா கெட்டுப்போச்சோன்னு தோணும், அக்ரூட் வாசனையும் புளிப்பும், அப்புறம் ஒரு துண்டு கொம்தே கடிச்சுட்டு மறுபடி குடிச்சா அப்பத்தான் வழிக்கு வரும். பாஸ்ச்சர் இந்த ஊருக்காரர்தான், 1822ல தோல்ங்கிற ஊர்ல பொறந்து பக்கத்துல ஆர்புவாவுல வளந்தவர், சூடு பண்ணி கிருமியக் கொல்ற வித்தைய முதல்ல ஒயின் கெட்டுப்போகாம இருக்கத்தான் கண்டுபிடிச்சாரு, பாலுக்கு அப்புறம்தான் போச்சு. அவரு மண்ணுலயே இன்னமும் பச்சைப் பால்லதான் சீஸ் செய்யிறாங்க பாருங்க. கர்ப்பமா இருக்கிறவங்க மட்டும் பச்சைப் பால் மெத்து சீஸ் பக்கம் போகாதீங்க, லிஸ்டீரியாங்கிற கிருமி பயம் நெஜம்.

ஊருக்குக் கொண்டு போறவங்க கொம்தேவ வேக்குவம் பேக் பண்ணச் சொல்லுங்க, கேட்டா பண்ணித் தருவாங்க. மெத்து சீஸ் வேண்டாம், சூட்கேஸும் போச்சு, பட்டுப்புடவையும் போச்சு. வீட்ல வெக்கிறதுன்னா அவங்க சுத்திக் குடுக்கிற மெழுகுப் பேப்பர்லயே விடுங்க, பிளாஸ்டிக் கவர்ல மாத்துனா வேர்த்து நாறும், சாப்பிடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஃப்ரிட்ஜ்லேர்ந்து வெளிய எடுத்துருங்க. அப்புறம் முக்கியமா, திங்கக்கெழமை கெளம்பிப் போகாதீங்க, இங்க சீஸ் கடை பாதிக்கு மேல அன்னைக்கு லீவு.