நாலு நாளில் தீர்ந்த பேஸ்ட்

மேலும் கீழும் எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு முழு செட் போட்டுக்கொண்டேன். முதல் ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. ஆறாவது மாதம் ஒருநாள், "என்னங்க, பேசும்போது வாய்ல டக்கு டக்குன்னு என்ன சத்தம்?" என்று மனைவி கேட்டாள். அதற்கு முன்பே, எனக்கே தெரியாமல், கீழ் செட்டை நாக்கால் அமுக்கிப் பிடித்தபடி பேசப் பழகியிருக்கிறேன். தும்மல் வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும்.

டாக்டரிடம் போகாமல் மருந்துக் கடைக்குப் போனேன். செட்டை ஈறில் ஒட்டவைக்கும் பேஸ்ட். முதலில் பட்டாணி அளவில் மூன்று பொட்டு வைத்தேன், பிடித்தது. இரண்டு வாரத்தில் அது போதாமல் நீளமாகப் பிதுக்க ஆரம்பித்தேன். ஓரத்தில் வழிந்து தொண்டை வரை கொழகொழப்பு. ராத்திரி கழற்றினால் ஈறில் அப்பியிருப்பதை ஈரத்துணியால் வழித்தெடுக்கவே பத்து நிமிஷம் ஆகும். இதற்குள் கீழே இடது பக்கம் புண்ணும் வந்துவிட்டது. அந்தப் பக்கம் செட்டில் ஏதோ குத்துகிறது என்று நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இதைவிட முட்டாள்தனம் வேறு எதுவும் செய்ததில்லை.

கடைசியில் டாக்டரிடம் போனபோது வாயைத் திறக்கச் சொல்லும் முன்பே அவர் கேட்டது: "ஒரு ட்யூப் எத்தனை நாள் வருது?"

"நாலு நாள்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சரியாக உட்காரும் செட்டுக்கு ஒரு ட்யூப் பல வாரம் வர வேண்டுமாம். சில பேஸ்ட்டுகளில் துத்தநாகம் இருக்கும். மாதக்கணக்கில் அளவு மீறிப் போட்டால் உடம்பில் தாமிரச் சத்து குறைந்து, கைகால் மரத்துப்போகிற அளவுக்கு நரம்பு கெடலாம் என்றார். அன்றோடு அந்த ட்யூப் குப்பைக்குப் போனது.

செட் ஏன் தளர்ந்தது என்றும் சொன்னார். பல் போனபின் அதைத் தாங்கிய எலும்புக்கு வேலை இல்லை, கரைந்துகொண்டே போகும். முதல் வருஷம்தான் வேகம் அதிகம். மேல் தாடையைவிடக் கீழ்த் தாடை பல மடங்கு கரையும். போதாக்குறைக்கு, மேல் செட் அண்ணம் முழுக்கப் படிந்து எச்சில் ஈரத்தில் கவ்விக்கொள்கிறது. கீழ் செட் வெறும் லாடம், நடுவில் நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். நான் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரை வாயை உலர்த்துவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்.

வலிக்குப் பயந்து இரண்டு நாள் செட்டே போடாமல் போயிருந்தேன். அதற்கும் திட்டு. போட்டுக்கொண்டு வந்தால்தான் எந்த இடம் உறுத்துகிறது என்று தெரியுமாம். நல்லவேளை, புண் இன்னும் ஆறவில்லை. அதைத் துடைத்து உலர்த்தி, ஊதா மைக் குச்சியால் ஒரு பொட்டு வைத்து, செட்டை மாட்டி அழுத்தி எடுத்தார். செட்டின் உட்புறம் அதே ஊதாப் பொட்டு. நான் உப்புத்தாள் போட்ட இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி! அந்தப் பொட்டை மட்டும் ராவிவிட்டார். வலி பாதி போன மாதிரி இருந்தது.

உடனே அளவெடுக்கவில்லை. வீங்கிய ஈறில் எடுத்தால் வீக்கத்துக்குத்தான் அளவு வருமாம். செட்டுக்குள் மாவு மாதிரி ஒரு மெத்தைப் பொருளை வைத்து அனுப்பினார். பத்து நாள், நடுவில் ஒருமுறை மாற்றினார். ராத்திரி கட்டாயம் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீர் கூடாது, செட் கோணிக்கொள்ளும். ஈறு பழையபடி ஆனதும் அந்த செட்டுக்குள்ளேயே அளவு எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். இதற்கு ரீலைன் என்று பெயர். பல் அப்படியே இருக்கும், ஈறைத் தொடும் உட்புறம் மட்டும் புதிதாகும். ஒரு நாள் முழுக்கப் பொக்கை வாய். அன்று அழைப்பு மணி அடித்தும் நான் கதவைத் திறக்கவில்லை.

மேல் செட் இப்போது 'சப்'பென்று பிடித்துக்கொள்கிறது, விரல் கொடுத்துத்தான் கழற்ற வேண்டும். கீழ் செட் முன்னைக்குப் பரவாயில்லை, அவ்வளவுதான். முன்பல்லால் கடித்தால் பின்பக்கம் தூக்கும். அதனால் சின்னச் சின்னத் துண்டாக்கி இரண்டு கடைவாயிலும் சேர்த்து மெல்லுகிறேன். வெளியே போகும் நாளில் மட்டும் துத்தநாகம் இல்லாத பேஸ்ட், மூன்று பொட்டு. இந்த ட்யூப் ஏழாவது வாரமாக ஓடுகிறது.

கீழே எலும்புக்குள் இரண்டு இம்ப்ளான்ட், அதாவது திருகாணி மாதிரி செயற்கை வேர், வைத்து, பட்டன் மாட்டுவதுபோல செட்டை மாட்டிக்கொள்ளலாம் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு அதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்களே சொல்லிவிட்டார்களாம். பட்டனுக்குள் இருக்கும் நைலான் மூடி தேயத் தேய மாற்ற வேண்டிய செலவும் உண்டு, அதையும் அவரே மறைக்காமல் சொன்னார். எலும்பு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க அடுத்த வாரம் ஸ்கேன்.