கேன்ஸில் ஐந்து நாள்: யார் வேலை, யார் பெயர்?

விளம்பர ஏஜென்சிகளில் வாசகம் எழுதும் காப்பிரைட்டராகவும் காட்சியை வடிவமைக்கும் ஆர்ட் டைரக்டராகவும் வேலைக்குச் சேரும் பெண்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களுக்குத் தலைமை தாங்கும் கிரியேட்டிவ் டைரக்டர் நாற்காலி வரை போய்ச் சேர்கிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இதைக் கணக்கெடுத்தபோது நூறு கிரியேட்டிவ் டைரக்டர்களில் மூன்று பேர்தான் பெண்கள் என்று வந்தது. அந்த மூன்று சதவீதத்தையே பெயராக வைத்து, விளம்பரத் துறையைச் சேர்ந்த கேட் கார்டன் 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மாநாட்டைத் தொடங்கினார். இரண்டு ஆண்டு கழித்து, 2014இல், உலக விளம்பர விருது விழாவான கேன்ஸ் லயன்ஸ் 'சீ இட் பீ இட்' திட்டத்தைக் கொண்டுவந்தது. பல நாடுகளிலிருந்தும் பெண் படைப்பாளிகளின் சிறு குழு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, விமானச் செலவும் தங்குமிடமும் விழா அனுமதி அட்டையும் தந்து, ஜூன் மாதம் பிரான்ஸின் கேன்ஸ் நகருக்கு வரவழைத்து, வழிகாட்டும் மூத்தவர்களோடு உட்கார வைக்கும் ஏற்பாடு அது. வேலையில் நடுக்கட்டத்தை எட்டி, அடுத்த படிக்குக் காத்திருப்பவர்களுக்கானது.

இப்படி ஒரு வாய்ப்பு வரும்போது அலுவலகம் அதை நல்ல வேலைக்குத் தந்த பரிசுப் பயணமாகத்தான் பெரும்பாலும் பார்க்கிறது. போகிறவரும் அப்படியே நினைத்துவிட்டால் புகைப்படங்கள் மிஞ்சும். இதுவும் ஒரு வேலை. ஷூட்டுக்குப் போவதற்கு எவ்வளவு முன்தயாரிப்பு வேண்டுமோ அவ்வளவு இதற்கும் வேண்டும்.

விண்ணப்பத்திலிருந்தே அது தொடங்குகிறது. போர்ட்ஃபோலியோவில் பதினைந்து வேலைகளை அடுக்குவது வீண். மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் கிளையன்டுக்கு என்ன சிக்கல் இருந்தது, அதில் உங்கள் முடிவு எது, அதனால் என்ன மாறியது என்று ஐந்தாறு வரி எழுதினால் நிறைவு. நம் பெண்கள் சறுக்குவது நடுவில் உள்ள வரியில். "நாங்கள் செய்தோம்", "டீம் முடிவெடுத்தது" என்று அடக்கத்தோடு எழுதிவிடுவார்கள். தேர்வுக்குழுவுக்கு அந்த 'நாங்கள்' பயன்படாது. எந்த வசனம் உங்களுடையது, எந்த ஷாட்டை நீங்கள் வேண்டாம் என்று நிறுத்தினீர்கள் என்று சொன்னால்தான் தலைமைப் பண்பு தெரியும்.

பெயர் விஷயத்தில் தமிழ்ப் பெண்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. அலுவலகத்தில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் ஒட்டிய இன்னொரு பெயர், கல்யாணத்துக்குப் பிறகு சமூக வலைத்தளத்தில் மூன்றாவது பெயர் என்று இருக்கும். சிலர் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். விமானச் சீட்டு எடுக்கும் மென்பொருள் அதை ஏற்காமல் முரண்டு பிடிக்கும். விமானச் சீட்டு, காப்பீடு, ஓட்டல் பதிவு, அழைப்புக் கடிதம் நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் அட்டையில் எந்தப் பெயர் வரவேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டு முடிவுசெய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஐந்து நாளும் எல்லோரும் உங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஒரு வேலையை யார் யார் செய்தார்கள் என்று காட்டும் கிரெடிட் லிஸ்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதுவே அட்டையிலும் இருப்பது நல்லது. சந்தித்தவர் ஊர் திரும்பி உங்கள் வேலையைத் தேடும்போது கிடைக்க வேண்டுமே!

விசா, பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் குறுகியகால வகை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு பதினைந்து நாள். ஜூன் மாதம் கோடை விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்வதால் மார்ச் கடைசியிலேயே நேரம் பதிவு செய்வதுதான் நிம்மதி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். கோளாறு பெரும்பாலும் கடிதங்களில்தான் வருகிறது. அழைப்புக் கடிதம் பயிற்சி என்று சொல்லும், அலுவலகக் கடிதம் 'சொந்த விடுப்பு' என்று சொல்லும். பயண நோக்கம் இப்படி முரண்பட்டால் அதிகாரிக்குச் சந்தேகம் வருவது இயல்பு. எந்தெந்தச் செலவு யாருடையது என்பது இரண்டு கடிதத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

அந்த ஒரு சொல்லில் வேறொன்றும் அடங்கியிருக்கிறது. 'சொந்த விடுப்பு' என்று பதிவானால், பயண நாள்களுக்குச் சம்பளம், படி, மாற்று ஆள் எதையும் கேட்க முடியாது. பணி நிமித்தப் பயணம் என்று எழுதி வாங்குங்கள். ஜூனில் கேன்ஸ் நேரம் நம்மைவிட மூன்றரை மணி பின்னால். சென்னையில் மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு கிளையன்ட் கூப்பிட்டால் அங்கே காலை பத்தரை. அன்றைய முக்கியமான அமர்வு தொடங்கியிருக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொறுப்பாளரை நியமித்து, அவர் பெயரைக் கிளையன்டுக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். வீட்டிலும் இதே ஏற்பாடு வேண்டும். பிள்ளையின் மருந்து வேளையை வாட்ஸ்ஆப்பில் சொல்லிக்கொண்டே வழிகாட்டியிடம் பேச முடியாது.

வழிகாட்டல் சந்திப்புகள் குறுகியவை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மணி அடித்துவிடும். "நீங்கள் எப்படி இந்த உயரத்துக்கு வந்தீர்கள்?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்வார், நேரம் முடிந்துவிடும். "ஐந்து பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். பிட்ச் (கிளையன்டிடம் வைக்கும் யோசனை) எழுதுவது நான். கிளையன்ட் முன் பேசுவது வேறொருவர். இதை மாற்ற யாரிடம், எந்தச் சமயத்தில், என்ன சொல்லி ஆரம்பிப்பது?" என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதில் அடுத்த திங்கட்கிழமையே செய்து பார்க்கக் கூடியதாக இருக்கும். இப்படி ஐந்தாறு கேள்விகளை ஊரிலேயே எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று பிரித்துக்கொள்வது நல்லது. சம்பளத்தைப் பற்றிய கேள்வியை விட்டுவிட வேண்டாம். வெளிநாட்டில், போட்டி நிறுவனத்தவர் அல்லாத ஒருவரிடம் கேட்பதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பானது.

விருது நடுவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது இந்தப் பயணத்தின் பெரிய பலன். தன் ஏஜென்சியின் வேலைக்கு எந்த நடுவரும் ஓட்டுப் போட முடியாது. செய்த வேலையை நடுவர்களுக்கு விளக்கும் கேஸ் ஃபிலிமுக்கு இரண்டு நிமிடமே வரம்பு. நம் மண்ணின் வேலைகள் தோற்பது பெரும்பாலும் முதல் இருபது விநாடியில்: பின்னணியைச் சொல்லாமலே விடுவார்கள், அல்லது பண்பாட்டு வகுப்பே எடுத்துவிடுவார்கள். 2015இல் பாலினச் சமத்துவத்துக்காக 'கிளாஸ் லயன்' என்ற புதுப் பிரிவு வந்தது. சிண்டி கேலப் தலைமையிலான ஜூரி அதன் உச்ச விருதான கிராண்ட் ப்ரீயை முதல் முறையாக மும்பையின் பிபிடிஓ இந்தியா ஏஜென்சிக்குத் தந்தது. விஸ்பர் நாப்கினுக்காகச் செய்த 'டச் த பிக்கிள்' பிரச்சாரம் அது. தூரமாக இருக்கும் பெண் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் கெட்டுப்போகும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டாம். பல நாட்டவர் கூடிய அறையில் அதை விளக்கத்தான் வேண்டும். ஒரே ஒரு தடையை, கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு ஜாடியை எடுத்துக்கொண்டதால் அது உடனே புரிந்தது. உள்ளூர் விஷயத்தைப் பொதுவாக்கி மழுப்பியிருந்தால் எடுபட்டிருக்காது.

இனி ஊரைப் பற்றி. விழா நடக்கும் பலே கட்டடத்திலிருந்து க்ரோசெட் கடற்கரைச் சாலை நெடுக மணல்வெளியைப் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் அந்த வாரத்துக்குப் பந்தல் போட்டு எடுத்துக்கொள்ளும். அவற்றுக்குத் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அனுமதி அட்டை இருந்தாலே உள்ளே விட்டுவிடுவார்கள் என்று நினைத்து வெயிலில் வரிசையில் நிற்பவர்கள் பலர். எதிர்த்திசையில் சற்று நடந்தால் ஃபோர்வில் சந்தை. காலையில் போக வேண்டும், மதியம் ஒன்றரைக்குப் பிறகு ஒன்றும் இருக்காது. திங்கட்கிழமை காய்கறிக்குப் பதில் பழம்பொருள் கடைகள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் "போன்ஷூர்" சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் நேரே விலை கேட்டால் மரியாதைக் குறைவு என்று முகம் சுருங்கிவிடும். சொல்லிவிட்டால் ஆங்கிலத்திலேயே பொறுமையாகப் பேசுவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சொக்கா என்பது ஒருவகை அடை; கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு மட்டும் கலந்து பெரிய செம்புத் தட்டில் சுட்டு, மிளகு தூவித் தருவது. சூடு ஆறினால் சுவையில்லை. பூசணி வகைப் பூவை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவதும் உண்டு. பிசலாதியேர் என்ற வெங்காய ரொட்டியைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம், அதில் நெத்திலி இருக்கும். பான் பாஞ்யா என்ற சாண்ட்விச்சில் சூரை மீனும் முட்டையும். உணவகத்தில் "காராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். பரிமாறும் கட்டணம் விலையிலேயே அடக்கம். மது வேண்டாதவர் 'தியாபோலோ மாந்த்' கேட்கலாம், புதினா சிரப் கலந்த எலுமிச்சைச் சோடா. கையில் கோப்பை இருந்தால் யாரும் வற்புறுத்துவதில்லை. பிரெஞ்சுக்காரர் மேசையில் உட்கார்ந்ததுமே வேலைப் பேச்சை எடுப்பதில்லை. சாப்பாட்டைப் பற்றியும் ஊரைப் பற்றியும் பேசி, கடைசியில் காபி வரும் நேரத்துக்கு விஷயத்துக்கு வருவார்கள். முதல் பத்து நிமிடத்தில் போர்ட்ஃபோலியோவைத் திறப்பதும், காபிக்கு முன் எழுந்து அடுத்த விருந்துக்கு ஓடுவதும் இரண்டுமே நஷ்டம்.

ஒரு பிற்பகல் கிடைத்தால் பக்கத்து ஊரான க்ராஸ் போய்வர வேண்டும். ரயிலில் சுமார் அரை மணி. நிலையம் பள்ளத்தில் இருக்கிறது, பழைய ஊர் மேட்டில். வாசனைத் திரவியத் தொழிலின் ஊர் அது; அந்தக் கைத்திறனை யுனெஸ்கோ 2018இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பூந்தோட்டம் பார்க்கும் ஆசையோடு போக வேண்டாம். ரோஜா மே மாதத்தோடு முடிந்துவிடும், மல்லிகை ஆகஸ்டில்தான் ஆரம்பம். அங்கே விளையும் மல்லிகை நம் பிச்சிதான், ஜாதிமல்லி. தமிழ்நாட்டிலும் அதே பூவிலிருந்து வாசனைச்சாறு எடுத்து உலகச் சந்தைக்கு அனுப்புகிறார்கள்.

அருங்காட்சியகத்தில் மரச்சட்டத்தில் பொருத்திய கண்ணாடிகளைப் பார்த்தால் நின்று கவனியுங்கள். கண்ணாடியில் மணமில்லாத கொழுப்பைப் பூசி, அதன்மேல் பூக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடுக்குவார்கள். ஒரு நாள் கழித்து வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ. கொழுப்பு மணத்தால் நிறையும் வரை இப்படியே வாரக்கணக்கில் தொடரும். பிறகு ஆல்கஹாலில் கழுவி மணத்தைப் பிரிப்பார்கள். ஒரு கிலோ மல்லிகைக்கு ஏறக்குறைய 8,000 பூக்கள் பறிக்க வேண்டும், அதுவும் வெயில் ஏறுமுன். பறித்தவர்களும் அடுக்கியவர்களும் பெரும்பாலும் பெண்கள். பலர் இத்தாலியிலிருந்து பருவ வேலைக்கு வந்தவர்கள். புட்டியில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். அந்தப் பெண்களின் பெயர் எங்கும் இல்லை. கிரெடிட் லிஸ்டில் பெயர் விட்டுப்போன ஒரு காப்பிரைட்டருக்கு இந்த மரச்சட்டத்தின் முன் நின்றால் நிறையத் தோன்றும்.

லெரான் தீவுகளுக்குப் படகில் கால் மணி, இருபது நிமிடம். நேரமிருந்தால் போகலாம்; செந்தொனோரா துறவிமடத் தீவு, தோள் மூடிய உடை நல்லது.

திரும்பி வந்த முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் முக்கால் மணி நேரம் வாங்கிவிடுங்கள். தள்ளிப்போட்டால் அடுத்த பிட்ச் விழுங்கிவிடும். பார்த்த விளம்பரங்களைப் போட்டுக் காட்டுவதற்கு அந்த நேரத்தைச் செலவிட வேண்டாம். இரண்டே கோரிக்கை வையுங்கள். ஒன்று, விளம்பரப் படத்துக்கு மூன்று இயக்குநர்களிடம் கொட்டேஷன் வாங்குகிற வழக்கத்தில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஆல்மா ஹரேல் 2016இல் 'ஃப்ரீ த பிட்' என்று தொடங்கிய முறை இது. செலவு அதிகமாகாது, பட்டியல்தான் மாறும். "பெண் இயக்குநர் யாரும் கிடைக்கவில்லை" என்ற பதில் வரும். கையில் பத்துப் பேரின் வேலைகளைத் தொகுத்த ஷோரீலோடு போனால் அதற்கு இடமில்லை. மற்றொன்று, கிரெடிட் லிஸ்ட். விருதுக்கு அனுப்பும் கடைசி நாள் இரவில் யாரோ ஒருவர் நினைவிலிருந்து நிரப்பும்போதுதான் பெயர்கள் விட்டுப்போகின்றன, மகப்பேறு விடுப்பில் இருப்பவர் பெயர் முதலில் விட்டுப்போகிறது. கிளையன்டின் தேவையைச் சொல்லும் பிரீஃப் வந்த நாளிலேயே ஒரு தாளைத் திறந்து, யார் யோசனை, யார் வசனம், யார் வடிவமைப்பு என்று எழுதி, ஷூட் முடிந்ததும் குழுவில் எல்லோரும் பார்த்து ஒப்புக்கொள்ளட்டும். விருதுக்கு அனுப்பும்போது அந்தத் தாளில் உள்ளது அப்படியே போக வேண்டும்.